தலைமை மாந்தர் மாற்றமும் செஞ்சி வட்டாரக் கதைமரபும்

நெடுநாள் நடக்கும் கதைக்கெனத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதன் தலைமை மாந்தர் இறுதிவரை அக்கதையில் நிலைத்திருத்தல் அரிது. ஓரிரவில் முடியும் நாடகத்துக்கும் மூன்று மணி நேரத்தில் முடியும் திரைப்படத்துக்கும் இவ்விடர்ப்பாடு நேர்வதில்லை. பல இரவுகள் தொடர்ந்து நிகழும் பாரதக் கூத்துக்கும், ஆண்டுக்கணக்கில் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சித் தொடருக்கும் இது தவிர்க்கவொண்ணாதது. தலைவன் இறந்துபடுகின்றான், அல்லது தலைவியாக நடிப்பவர் விலகுகின்றார், கதையோ நிற்பதற்கில்லை. அந்நிலையில் வேறொருவரைத் தலைமையிடத்தில் அமர்த்திக் கதையை மேற்கொண்டு செலுத்துகின்றனர். அங்ஙனம் அமர்த்தப்பட்டவரைச் சிலவிடத்து அவையோர் தம்மவராகவே ஏற்றுக்கொள்கின்றனர். சிலவிடத்து நெடுநாள் கழிந்தும் அயலாராகவே கருதுகின்றனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

செஞ்சி வட்டாரத்தை இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கொண்டது காரணம் பற்றியே. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் திரௌபதியம்மன் கோயில் ஒன்று உள்ளது. அவ்வம்மன் வழிபாட்டுக்கு அதுவே மூலத்தானம் என்பது அவ்வட்டாரத்தாரின் நம்பிக்கை. அங்கிருந்து பார்த்தால் தெரியும் கோட்டையோ தேசிங்கு ராசன் கதைக்கு நிலைக்களம். முன்னது, தலைவர் மாறியும் முடிவின்றி வளரும் கதை. பின்னது, தலைவனோடு தானும் முடிந்துபோன கதை. இவ்விரண்டையும் கேட்டு வளர்ந்த ஊர்களில் இன்று மாலைதோறும் தொலைக்காட்சித் தொடர்களும் பார்க்கப்படுகின்றன. ஒரே அவையோர் மூவகைக் கதையையும் நுகர்கின்றனர் என்பதால், ஒன்றை வைத்து மற்றொன்றை அளத்தற்கு இங்கு வாய்ப்பு மிகுதி.

தொடக்கத்திலேயே இரண்டினை வேறுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஒரு பாத்திரம் அப்படியே நிற்க, அதனை ஏற்று நடிப்பவர் மட்டும் மாறுவது ஒன்று. பாத்திரமே கதையினின்று நீங்க, அதன் இடத்துக்கு வேறொரு பாத்திரம் உரிமை கொண்டு வருவது மற்றொன்று. முன்னதை நடிகர் மாற்றம் என்றும், பின்னதைத் தலைமை மாற்றம் என்றும் வழங்குவோம். தமிழ்த் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ எனத் திரையில் எழுத்திட்டுக் காட்டும் வழக்கம் முன்னதற்கு உரியது. நாட்டில் நகைச்சுவைக்கு உரிய தொடராகவே அது ஆகிவிட்டது. பேச்சு வழக்கில் இவ்விரண்டும் ‘ஆளை மாற்றிவிட்டார்கள்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்பெறுகின்றன. ஆயின் இவற்றை அவையோர் ஏற்கும் முறை ஒன்றன்று.

தமிழ் இலக்கணமுடையார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அகப்பொருட் பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அங்குத் தலைவன் என்பது ஓர் இருக்கை, ஆள் அன்று. குறிஞ்சியில் நின்றவனும் பாலையில் பிரிந்தவனும் ஒருவனே எனக் காட்ட வேண்டிய கடப்பாடு புலவனுக்கு இல்லை. புறப்பொருள் அவ்வாறன்று. அங்குப் பாரியும் அதியமானும் பெயராலேயே நிற்கின்றனர். அவர் இறந்தால் கையறுநிலை பாடப்படுமேயன்றி, அவ்விடத்தில் மற்றொருவரை நிறுத்திப் பாட்டு தொடர்வதில்லை. மாற்றவொண்ணும் தலைமை, மாற்றவொண்ணாத் தலைமை என்னும் பாகுபாட்டை நம் முன்னோர் திணைப்பாகுபாட்டிலேயே வைத்துப்போயினர் எனலாம். இதனை இற்றைத் தொடர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மையே. எனினும் தொடக்கத்துக்கு இதுவே நல்ல அளவுகோல்.

காப்பியத்துக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக் காண்டத்திலேயே கொலையுண்கின்றான். அதன்பின் கதையின் தலைமை முழுதும் கண்ணகியிடம் சேர்கின்றது. அவளும் விண்ணேகிய பின் வஞ்சிக் காண்டத்தைச் செங்குட்டுவன் நடத்துகின்றான். ஒரே நூலுள் தலைமை இருமுறை கைம்மாறியும் கற்போர் அதனை உணர்வதில்லை. ஏனெனில் ஒவ்வொருவரும் முன்னவர் விட்ட கடனை ஏற்றுக்கொண்டே வருகின்றனர். கணவன் கள்வன் அல்லன் என நாட்டும் கடன் கண்ணகிக்கு. அவளுக்குக் கல்லெடுக்கும் கடன் செங்குட்டுவனுக்கு. மணிமேகலையில் இது மேலும் நுட்பமாக அமைகின்றது. மணிமேகலை கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். ஆயின் அவளைத் தன் மகள் என்னாது, மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்றே மாதவி கூறுகின்றாள். பிறப்பால் வந்த உரிமையை ஒதுக்கிவிட்டு, கதையால் வந்த உரிமையை மாதவி தேர்ந்தெடுக்கும் இடம் அது. இரட்டைக் காப்பியம் என்னும் பெயர் அவ்விரு நூல்களுக்கும் பொருந்துவது அவ்வொரு கூற்றினால் எனினும் மிகையாகாது.

இனி மேலச்சேரிக் கதை. பாரதப் போர் முடிந்து, பாண்டவரும் உலகு நீத்த பின்னர், அவர் மரபில் வந்த சுநீதன் என்பான் செஞ்சியில் அரசு செலுத்தினான் என்றும், பல தலைகளையுடைய அரக்கன் ஒருவனால் அவன் துன்புற்றான் என்றும், அவனைக் காத்தற்பொருட்டுத் திரௌபதி மீண்டும் தீயினின்று தோன்றினாள் என்றும் அவ்வட்டாரத்துத் தலக்கதை கூறும். அரக்கனை அழிக்கும் போரில் அவளுக்குத் துணைநின்றவன் போத்துராசா. வெட்டுண்ட தலை நிலத்தில் விழலாகாது என்பதால் அதனைக் கையில் ஏந்தி நிற்கும் பொறுப்பு அவனுடையதாயிற்று. திரௌபதியம்மன் கோயில்களில் போத்துராசா தலையேந்திய கோலத்தில் காட்சியளிப்பதற்கு இக்கதையே விளக்கமாகச் சொல்லப்படுகின்றது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதற்பகுதி 1988இல் வெளிவந்தது. செஞ்சியிலிருந்து குருட்சேத்திரத்தை நோக்கிச் செல்லும் வழியாக அவர் தம் ஆராய்ச்சியை அமைத்துக்கொண்டமையால், இவ்வூர்க் கதை உலக அறிஞர் கவனத்தையும் பெற்றது.

இக்கதையில் யார் மாறினர், யார் மாறவில்லை என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஐவர் மீளவில்லை. தருமன் இருந்த இடத்தில் சுநீதன் அரசனாக அமர்கின்றான். களத்தில் வீமனும் அருச்சுனனும் ஆற்றிய துணையைப் போத்துராசா ஆற்றுகின்றான். திரௌபதி ஒருத்தியே தானாக மீள்கின்றாள். பாரதத்தின் தலைமை பாண்டவர்க்கே என்பது நூல் வழிக் கருத்து. மேலச்சேரி மக்களோ, கதையின் உண்மைத் தலைமை எவரிடத்து உள்ளது என்பதைத் தாமே தீர்மானித்து, அவரை மட்டும் மாறாது நிறுத்தி, ஏனையோர்க்கு வழித்தோன்றலைத் தந்துவிட்டனர். நெடிய கதையைத் தொடர விழைவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே: யாரை மாற்றினால் கதை பிழைக்கும், யாரை மாற்றினால் கதை வேறாகிவிடும் என்பது. தலைப்பில் பெயர் பொறித்தவரே அவராதல் வேண்டும் என்பதில்லை.

மூல பாரதத்திலும் வழித்தோன்றல் வருகை எளிதாக நிகழவில்லை. அபிமன்னன் பதின்மூன்றாம் நாட் போரில் வீழ்கின்றான். திரௌபதியின் மைந்தர் ஐவரும் அசுவத்தாமனால் உறக்கத்திற் கொல்லப்படுகின்றனர். எஞ்சியது அபிமன்னன் மனைவியின் வயிற்றுக் கரு ஒன்றே. அதுவும் படைக்கலத்தால் எரிக்கப்பட்டுக் கண்ணனால் உயிர்ப்பிக்கப்படுகின்றது. அங்ஙனம் பிறந்த பரீட்சித்தின் மகனே சனமேசயன். அவனுக்குச் சொல்லப்பட்டதாகவே பாரதம் முழுதும் அமைந்திருக்கின்றது. வழித்தோன்றல் தன் முன்னோர் கதையைக் கேட்பவனாக, அதாவது அவையோரில் ஒருவனாக, முதலில் அமர்கின்றான். இது கதை கூறுவோர் கண்ட அரிய உத்தி. புதியவன் பழையவரை மறக்கச் செய்ய வந்தவன் அல்லன், அவரைப் பற்றிக் கேட்க வந்தவன் என்று காட்டிவிட்டால், அவனை வெறுப்பார் இலர்.

இவ்விடத்துக் கூத்தின் முறைமையைச் சிறிது விரித்துரைத்தல் தகும். திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். களரியில் வேடம் நேரே வந்து நிற்பதில்லை. இருவர் திரை பிடிப்பர். திரையின் பின்னிருந்து முதலில் குரல் கேட்கும். பின்னர்க் கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் காலும் தோன்றும். கட்டியக்காரன் வினவுவான், வந்தவர் யார், எந்நாட்டார் என. உள்ளே நிற்பவர் விருத்தத்தாலும் தருவாலும் தம்மை அறிவிப்பார். அப்பாட்டில் அவர் தம்மை ‘நான்’ என்றல்லாது படர்க்கையிலேயே வைத்துப் பாடுவது வழக்கம்: இன்ன மன்னன் வந்தான், இன்ன கோலத்தோடு வந்தான் என்று. பாடுபவர் வேறு, பாடப்படும் மன்னன் வேறு என்பது அவையோர் செவியில் முதற்கணத்திலேயே விழுந்துவிடுகின்றது. கிரீடமும் புயக்கட்டையும் மார்புப்பதக்கமும் முகவரைவும் பாத்திரத்துக்கு உரியன. நடிகர் அவற்றைச் சில நாழிகை தாங்குகின்றார், அவ்வளவே. ஆகவே ஓரிரவில் ஒருவர் ஏற்ற வேடத்தை மற்றோர் இரவில் வேறொருவர் ஏற்பின் எவரும் முகஞ்சுளிப்பதில்லை. பெண் வேடத்தை ஆடவர் கட்டும் மரபிலும் இதுவே அடிப்படை. புரிசை துரைசாமித் தம்பிரான், அவர் மைந்தர் கண்ணப்பத் தம்பிரான், அவர் மைந்தர் சம்பந்தன் எனத் தலைமுறைதோறும் கைம்மாறி வந்த கூத்துக் குடும்பங்களில், நடிகரும் வழித்தோன்றலே. வேடம் மட்டும் பழையது.

தொலைக்காட்சியில் இவ்வேற்பாடு இல்லை. அங்கு முகமே வேடம். அண்மைக்காட்சியில் கண்ணின் அசைவும் உதட்டின் நடுக்கமும் காட்டப்படும் கலையில், பாத்திரத்தை முகத்தினின்று பிரித்தெடுத்தல் இயலாது. எனவே நடிகர் மாறுங்கால் எழுத்திட்டுக் காட்ட வேண்டியதாகின்றது. கட்டியக்காரன் வினாவின் தேய்ந்த வடிவமே அவ்வெழுத்து என்பது என் கருத்து. ஆயின் களரியில் வினவுதலும் விடையிறுத்தலும் கலையாக நிகழ, இங்கு அஃது அறிவிப்பாக நின்றுவிடுகின்றது.

இதற்குச் சான்றாகச் சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பாகிய ‘எதிர்நீச்சல்’ தொடரைக் கூறலாம். அதில் வீட்டுப் பெண்டிரை அடக்கி ஆளும் ஆதி குணசேகரன் என்னும் பாத்திரத்தை ஏற்றவர் திரைப்பட இயக்குநரும் நடிகருமாகிய மாரிமுத்து. கதையமைப்பின்படி தலைமை, எதிர்நீச்சலிடும் மருமகளிர்க்கே உரியது. ஆயினும் அவையோர் உள்ளத்தில் தலைமையிடத்தை அடைந்தவர் எதிர்த்தலைவராகிய அவரே. அவருடைய விளிகள் தெருவெங்கும் பேசப்பட்டன. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அவர் திடீரென மறைந்தார். சில காலம் கதை குணசேகரனைக் காட்டாமலே நடந்தது. பின்னர் எழுத்தாளரும் நடிகருமாகிய வேல. ராமமூர்த்தி அவ்வேடத்தை ஏற்றார். புதியவர் திறம் குறைந்தவர் அல்லர்; முரட்டுத் தோற்றமும் தென்பாண்டிப் பேச்சும் இயல்பாக வாய்ந்தவர். எனினும் ஓர் இடர் நேர்ந்தது. அவையோர்க்குத் துயரம் இருந்தது. அத்துயரத்தைச் செலுத்தக் கதையில் இடமில்லை. குணசேகரன் கதையில் உயிரோடிருக்க, இல்லந்தோறும் அவர்க்காக வருந்தினர். கையறுநிலை பாட வேண்டிய வேளையில் கதை அதற்கு இடந்தராது மேற்சென்றது. நடிகர் மாற்றத்தால் பாத்திரத்தைக் காத்தனர்; ஆயின் பார்ப்போர் இழந்தது பாத்திரத்தையா நடிகரையா என்னும் வினா அப்படியே நின்றுவிட்டது.

இவ்விடர்க்கு இங்கிலாந்தில் கண்ட தீர்வு ஒன்று விந்தையானது. பி.பி.சி. நிறுவனம் 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரில் தலைவராக நடித்த வில்லியம் ஆர்ட்னெல் உடல்நலம் குன்றியமையால் 1966இல் விலக நேர்ந்தது. தலைவர் வேற்றுலகத்தார் ஆதலின், அவர் உடல் தளர்ந்தவிடத்துப் புத்துடல் கொள்வார் எனக் கதையிலேயே ஏற்பாடு செய்து, பேட்ரிக் டிரவுட்டன் என்பாரை அவ்விடத்தில் அமர்த்தினர். நடிகர் மாற்றமே கதை நிகழ்ச்சியாகிவிட்டது. அவ்வொரு கற்பனையைக் கொண்டு அத்தொடர் பல தலைவர்களைக் கண்டுவிட்டது. கூடுவிட்டுக் கூடு பாய்தலை அறிந்த நமக்கு இது வியப்பளிப்பதன்று. ஆயினும் மாமியார் மருமகள் கதையில் இதனைச் செய்தல் இயலாதன்றோ.

குடும்பக் கதைக்கு உரிய வழி தலைமை மாற்றமே. ஸ்டார் பிளஸ் இந்தி அலைவரிசையில் 2009ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்கிய ‘யே ரிஷ்தா க்யா கெஹ்லாதா ஹை’ இதற்குத் தலைசிறந்த சான்று. முதல் தலைவி அட்சரா. நடித்தவர் ஹினா கான். 2016இல் அவர் விலகுதற்குச் சில திங்கள் முன்னரே, அட்சராவின் மகள் நைரா வளர்ந்த பெண்ணாகக் கதைக்குள் கொண்டுவரப்பட்டாள். அவளாக நடித்தவர் சிவாங்கி ஜோஷி. தாயும் மகளும் ஒருங்கே திரையில் நின்ற அச்சில திங்களில், பார்ப்போர் மகளிடம் தாயின் சாயலைத் தாமே தேடிக் கண்டுகொண்டனர். அதன்பின் தாய் இறந்துபட, துயரம் மகளுக்கும் பார்ப்போர்க்கும் பொதுவாயிற்று. 2021இல் மூன்றாந் தலைமுறை வந்தது. நைராவின் மகளுக்குப் பாட்டியின் பெயராகிய அட்சரா என்பதே பெயர். 2023இல் அவ்விரண்டாம் அட்சராவின் மகள் அபிரா தலைமை ஏற்றாள்.

பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இட்டதை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பேத்தி என்பது பெயர்த்தி என்பதன் மரூஉ. முன்னோர் பெயரைத் தாங்குபவர் என்பதே பொருள். உறவைக் குறிக்கும் சொல்லிலேயே வழித்தோன்றல் முறையை வைத்துள்ள மொழி நம்முடையது. இந்தித் தொடரின் ஆசிரியர்கள் இதனை அறிந்து செய்தனர் என்று கூறவில்லை. நாட்டு மக்கள் நெஞ்சில் ஊறிய வழக்கமே அவர்க்கும் கைகொடுத்தது.

அதே தொடரில் இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2021இன் தொடக்கத்தில் நைரா கதையில் இறந்தாள். ஆயின் அவளாக நடித்தவரே அவளைப் போன்ற உருவமுடைய சீரத் என்னும் வேறு பெண்ணாக மீண்டும் தோன்றினார். பாத்திரம் போயிற்று, முகம் நின்றது. முன்னர்க் கூறிய ‘எதிர்நீச்சல்’ நிலைக்கு இது நேர்மாறு. முகமே வேடமாகிவிட்ட கலையில், வேடத்தை விட மனமிருந்தும் முகத்தை விட மனமில்லாமையை இது காட்டுகின்றது.

தமிழில் தலைமை மாற்றம் இத்துணைத் திட்டத்தோடு செய்யப்பட்டது குறைவு. ராதிகா தலைவியாக நடித்துப் பெரும்புகழ் பெற்ற ‘சித்தி’ தொடரை நினைவூட்டும் வகையில் ‘சித்தி 2’ சன் தொலைக்காட்சியில் 2020ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிற்று. அதன் தலைப்பே ராதிகா ஏற்ற பாத்திரத்தின் உறவுப்பெயர். 2021இல் அவர் தொடரினின்று விலகினார். அதன்பின் இளைய தலைமுறைப் பெண்ணாகிய வெண்பாவின் மேல் கதையின் சுமை முழுதும் விழுந்தது. தொடர் 2022 வரை நடந்தது. ஆனால் சித்தி இல்லாத ‘சித்தி’யாக அது நடந்தது என்பதே உண்மை. சித்தி என்பது ஓர் இருக்கையாயின், அதில் வெண்பா அமர்ந்திருத்தல் வேண்டும், அவள் அமரவில்லை. அவள் தன் இருக்கையிலேயே இருந்துகொண்டு, காலியான இருக்கையின் பெயரால் கதையை நடத்தினாள். வழித்தோன்றல் என்பவர் அருகில் நின்றால் மட்டும் போதாது.

விஜய் தொலைக்காட்சியின் ‘சரவணன் மீனாட்சி’ வேறொரு வழி கண்டது. 2011இல் தொடங்கிய முதற்பகுதியில் செந்தில், ஸ்ரீஜா ஆகிய இருவரும் நடித்தனர். பின்வந்த பகுதிகளில் கதை வேறு. சரவணன், மீனாட்சி என்னும் பெயர்கள் மட்டும் நின்றன. இரண்டாம் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் மீனாட்சியாக நடித்தவர் ரச்சிதா ஒருவரே. சரவணனாகக் கவினும், பின்னர் ரியோவும் வந்தனர். இஃது அகப்பாடல் நெறியை ஒருவாறு ஒத்தது. தலைவன் தலைவி என்னும் இருக்கைகளுக்குப் பெயரிட்டு, அவற்றில் யாரையும் அமர்த்தும் முறை. தலைவன் மாறத் தலைவி நின்றமை, மேலச்சேரியில் ஐவர் நீங்கத் திரௌபதி நின்றதை நினைப்பூட்டுகின்றது. மக்கள் விருப்பம் எங்கு ஊன்றியிருக்கின்றதோ அதனை அசைக்கலாகாது என்பதைத் தொடர் செய்வோரும் அறிந்திருக்கின்றனர் போலும்.

இனித் தேசிங்கு. செஞ்சிக் கோட்டை பல தலைவர்களைக் கண்டது. நாயக்கர் ஆண்டனர், பீசப்பூரார் கொண்டனர், 1677இல் சிவாசி கைப்பற்றினார். 1689இல் சம்பாசி கொல்லப்பட்டபின் அவர் தம்பி இராசாராம் மராட்டிய அரசின் தலைமையை ஏற்றுச் செஞ்சிக்கு வந்து, முகலாயரின் நெடிய முற்றுகையைத் தாங்கினார். 1698இல் கோட்டை முகலாயர் வசமாயிற்று. வழித்தோன்றல் கதைக்கு இராசாராம் வரலாற்றினும் சிறந்தது ஒன்றில்லை: கொலையுண்ட தமையன், காக்க வேண்டிய அரசு, தொலைவில் ஒரு கோட்டை. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியப் படையரண்களின் தொகுதியில் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச்சின்னமாக ஏற்கப்பட்டதும் அவ்வரலாற்றின் சிறப்பாலேயே. ஆயின் செஞ்சி மக்கள் அதைப் பாடவில்லை. ஓராண்டுகூட நிறையாத ஆட்சிக்குரிய தேசிங்கைப் பாடினர். 1714ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாய்ந்தபோது அவனுக்கு வயது இருபத்திரண்டளவே.

தேசிங்கு கதையில் எவரும் எஞ்சுவதில்லை. அவன் தோழன் மகமத்துக்கான் மணப்பந்தலினின்று எழுந்து போருக்கு வந்து மாள்கின்றான். அரசி தீப்புகுகின்றாள். கடனை ஏற்க மகனில்லை. மகனிருப்பினும் ஏற்கக் கடனில்லை, ஏனெனில் தேசிங்கு தன் சொல்லைத் தன் உயிராலேயே தீர்த்துவிட்டான். அவ்வரசியின் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பர். வென்றவன் வைத்த பெயரே அக்கதையின் கையறுநிலை. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’ திரைப்படத்துக்குப் பின்னரும் எவரும் அதற்கு இரண்டாம் பகுதி கருதியதாகத் தெரியவில்லை. புறத்திணைத் தலைவனுக்கு நடுகல் உண்டு; வழித்தோன்றல் இல்லை.

ஆகவே அவையோர் ஏற்பும் மறுப்பும் புதியவரின் திறத்தை மட்டும் பொறுத்தன அல்ல. முன்னவர் தீர்க்காது விட்ட கடன் ஒன்று இருத்தல் வேண்டும். அதனைப் புதியவர் ஏற்கக் காணல் வேண்டும். இதனினும் முதன்மையானது, முன்னவர்க்காக அழுவதற்கு இடம் விடுதல். இதனைத் தொடர் எழுதுவோரிற் பலர் மறந்துவிடுகின்றனர். விலகிய நடிகரின் பாத்திரம் வெளிநாடு சென்றதாகவோ, வேற்றூரில் இருப்பதாகவோ ஒரு சொல்லில் முடிக்கப்படுகின்றது. நாள்தோறும் அடுப்பு வேலைக்கிடையே அவளைப் பார்த்திருந்த பெண்டிர்க்கு அவள் எங்குப் போனாள் என்பதே தெரியாது போகின்றது. அவர்தம் பழக்கத்தை இத்துணை எளிதாகக் கருதுவது முறையன்று.

படுகளத்தில் நிகழ்வதை இதனோடு ஒப்பிடுக. திருவிழாவின் இறுதியில் துரியோதனன் உருவத்தை மண்ணால் பெரிதாகச் செய்து தரையிற் கிடத்துவர். வீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அவ்வளவில் நில்லாது, அங்குக் கூடிய பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவர். வீழ்ந்தவன் பகைவன் ஆயினும் அழுகை உண்மையானது. தம் வீட்டு இழவும் அதனுள் கலந்துகொள்ளும். சில ஊர்களில் இறந்தோராகக் கிடப்பவரைத் திரௌபதி எழுப்புவதும் சடங்கில் உண்டு. மாலையில் தீமிதி. அடுத்த திருவிழாவில் அதே துரியோதனன், வேறொருவர் தலையில் அமர்ந்த அதே கிரீடத்தோடு, திரையின் பின்னிருந்து பாடுவான். அழுது தீர்த்த அவை அவனை மறுப்பதில்லை.

இறுதியாக ஒரு சிறு செய்தி. விஜய் தொலைக்காட்சியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரின் இரண்டாம் பகுதி 2023இல் தொடங்கியபோது, முதற்பகுதியில் மூத்த அண்ணன் மூர்த்தியாக நடித்த ஸ்டாலினே தந்தை பாண்டியனாக வந்தார். தம்பியரைக் காத்த முகம் இப்போது மைந்தரை அடக்கும் முகமாயிற்று. பழைய மூர்த்தியை மறவாதோர் சில நாள் தடுமாறினர். கூத்துப் பார்த்தோர்க்கு இது பழகிய ஒன்றே. முன்னிரவில் ஒரு வேடங்கட்டி வீழ்ந்தவர் அரிதாரத்தைக் கலைத்து வேறு முகம் வரைந்துகொண்டு, பின்னிரவில் மீண்டும் திரைக்குப் பின் வந்து நிற்பார்; கட்டியக்காரன் அவரை முன்பின் அறியாதவன் போல, வந்தவர் யார், எந்நாட்டார் என்று முதலிலிருந்து வினவத் தொடங்குவான்.